செவ்வாயும் வெள்ளியும் நான் பாக்கியம்

நவம்பர் 5, செவ்வாய்

காலையில் அமலி வந்தாள். நான் ஓய்வு பெறும்வரை அறிவியல் சொல்லிக்கொடுத்த பள்ளியில் இப்போது தொழிற்கல்விப் பிரிவு ஆசிரியை. பன்னிரண்டாம் வகுப்புக்குக் குடும்ப, சமுதாயப் பணிகள் என்று ஒரு பாடம் நடத்துகிறாள். அதைப் படித்தால் குழந்தைகள் காப்பகம், முதியோர் இல்லம், வீட்டுப் பராமரிப்பு என்று வேலைக்குப் போகலாம். பாடப்புத்தகம் இருக்கிறது. செய்முறை வகுப்புக்கு ஒரு கட்டிலும் ஒரு பிளாஸ்டிக் பொம்மையும் இருக்கின்றன.

"பொம்மையால பிரயோஜனம் இல்ல டீச்சர். எது செஞ்சாலும் சரின்னு படுத்துக் கெடக்கு. நெசத்துல அப்படியா இருக்காங்க? எதுத்துப் பேசுற ஆள் வேணும். யோசிச்சுப் பாத்தேன், ஒங்க ஞாபகம்தான் வந்துது."

பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய், வெள்ளி மாலைகளில் இரண்டு மாணவர்கள் என் வீட்டுக்கு வருவார்கள். நான் பயனாளியாக, அதாவது பராமரிப்புத் தேவைப்படும் ஆளாக, நடிக்க வேண்டும். ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறாள்: 'பாக்கியத்தம்மாள். வயது 75. தனியாக வாழ்பவர். அண்மையில் ஒருமுறை விழுந்தவர். யார் உதவியையும் ஏற்க மறுப்பவர்.'

எனக்கும் இந்த அம்மாளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எனக்கு அறுபத்தொன்பதுதான் ஆகிறது.

விழுந்தது என்று பார்த்தால், நானும் புரட்டாசியில் ஒருமுறை குளியலறையில் விழுந்தேன். அதைப் பக்கத்து வீட்டார் சென்னையில் இருக்கும் என் மகன் குற்றாலநாதனுக்குச் சொல்லிவிட்டார்கள். அவன் ஓர் ஒப்பந்தம் போட்டான். இன்னொரு தடவை விழுந்தால் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அவனோடு போய்விட வேண்டும். உடனே சம்மதித்தேன். இனி விழப்போவதில்லை என்பதால் ஒப்பந்தம் எனக்குத்தான் சாதகம்.

சென்னை மோசமான ஊர் இல்லை. மருமகளும் தங்கமானவள். ஆனால் இங்கே தெருவில் இறங்கினால் நாலு பேர் 'டீச்சர்' என்கிறார்கள். அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பில் நான் 'ஏழு சி-யோட அம்மா'.

நவம்பர் 8, வெள்ளி

வந்தார்கள். ஒருத்தி முப்பிடாதி. உயரமான பெண், அளந்து பேசுகிறாள். இன்னொருவன் மசூது. அளக்காமல் பேசுகிறான்.

"வணக்கம் ஆச்சி! நாங்கள் உங்கள் பராமரிப்பாளர்கள்! உங்களுக்கு என்ன உதவி தேவைப்படுகிறது!" என்றான் மசூது. தெருமுனைவரை கேட்டிருக்கும்.

"ஏன்டா கத்துதே?"

"வயசானவங்களுக்குக் காது கேக்காதுன்னு பாடத்துல இருக்கு டீச்சர்."

"சிலருக்குன்னு இருக்கு" என்றாள் முப்பிடாதி. "இவன் அந்த வார்த்தைய மட்டும் விட்டுட்டுப் படிச்சிருக்கான்."

பிறகு மசூது என் நாடியைப் பார்த்தான். கட்டைவிரலை வைத்துக்கொண்டு, "நூத்தி இருவது ஆச்சி! படுங்க, படுங்க!" என்று பதறினான். கட்டைவிரலிலேயே துடிப்பு உண்டு, அவன் எண்ணியது அவனுடைய நாடியை என்று விளக்கினேன். ஓடும் பேருந்தில் உட்கார்ந்துகொண்டு மரம் ஓடுகிறது என்று சொல்வதைப் போல. நன்றாகப் புரிந்துகொண்டான். என்ன, தன் நாடி ஏன் நூற்றிருபதுக்குப் போகிறது என்று கவலைப்பட ஆரம்பித்துவிட்டான்.

அடுத்து எனக்குக் கஞ்சி ஊட்ட வேண்டும். பாக்கியத்தின் சார்பில் வாயை இறுக மூடிக்கொண்டேன். "ஆ காட்டுங்க ஆச்சி, காக்கா பாரு, காக்கா" என்று அவன் ஜன்னலைக் காட்டினான். அது குழந்தைகள் காப்பகப் பாடமாம். சிரித்துவிட்டேன். பாக்கியம் சிரிக்கக்கூடாது, தவறு என்னுடையதுதான்.

கிளம்பும்போது முப்பிடாதி அடுக்களையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "கீழ்த்தட்டும் மேல்தட்டும் காலியா கெடக்கே டீச்சர். எல்லாச் சாமானும் நடுத்தட்டுலயே நெருக்கிட்டு இருக்கு?"

பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அப்படி வைத்ததாகச் சொன்னேன்.

நவம்பர் 15, வெள்ளி

காலையில் குளியலறையில் உட்கார்ந்தேன். எதிர்பாராமல் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். விழுவது வேறு, உட்காருவது வேறு. உதாரணமாக, மரத்திலிருந்து மாங்காயும் தரைக்கு வருகிறது, கோழியும் தரைக்கு வருகிறது. கோழி விழுந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

எழுந்திருக்கச் சிறிது நேரம் எடுத்துக்கொண்டேன். அவசரம் ஒன்றும் இல்லை. இடது முழங்கால் லேசாக வீங்கியிருக்கிறது. பனிக்காலம்.

நவம்பர் 22, வெள்ளி

இன்று நடக்க உதவும் பயிற்சி. பாக்கியத்துக்குக் கால் வலி என்று அட்டையில் இல்லை, நானாகச் சேர்த்துக்கொண்டேன். வலது காலை நொண்டினேன். என் சொந்தக் காலையும் பாக்கியத்தின் காலையும் குழப்பிக்கொள்ளக்கூடாது என்பதால் யோசித்து எடுத்த முடிவு.

மசூது என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். தோள்பட்டை கழன்று கையோடு போய்விடும் போலிருந்தது. "நெல்லு மூட்டையா தூக்குதே?" என்று முப்பிடாதி அவனை நகர்த்தினாள். தன் முழங்கையை மடக்கி என் பக்கம் நீட்டினாள். "நாங்க ஒங்களப் பிடிக்கக்கூடாது ஆச்சி. நீங்கதான் எங்களப் பிடிச்சுக்கிடணும். வேண்டாம்னா விட்டுரலாம்லா, அதுக்கு."

பாக்கியம் பிடிக்கவில்லை. கூடம் முழுவதையும் தனியாகவே நொண்டிக் கடந்தாள். முப்பிடாதி முழங்கையை நீட்டியபடியே கூட நடந்து வந்தாள். பார்ப்பவர்கள் இருவருக்கும் ஏதோ சண்டை என்று நினைத்திருப்பார்கள்.

மசூதைப் பள்ளியில் 'ஆயா குரூப்' என்று கேலி செய்கிறார்களாம். கம்ப்யூட்டர் பிரிவு கிடைக்காமல் இதில் சேர்ந்தவன். "எங்க உம்மாவுக்கு மட்டும் ஒரே சந்தோசம் டீச்சர். வாப்பாவப் பெத்தவங்க படுக்கையில கெடக்காங்க. ஆள் கெடச்சிட்டுன்னு நெனச்சிட்டாங்க." கேலி செய்பவர்களுக்கு என்ன பதில் சொல்வாய் என்று கேட்டேன். "ஒனக்கும் வயசாகும்ல, அப்போ என் கையிலதான் மாட்டுவேன்னு சொல்லுவேன்" என்றான்.

டிசம்பர் 3, செவ்வாய்

மழை. பிள்ளைகள் வரவில்லை. குளிக்கவில்லை, குளிர்.

டிசம்பர் 6, வெள்ளி

இன்றும் மழை. வெந்நீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொண்டேன். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்!

டிசம்பர் 10, செவ்வாய்

வீட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் பாடம். வயதானவர் எங்கே தடுக்கி விழலாம் என்று அறை அறையாகப் பார்க்க வேண்டும். மசூது எல்லாவற்றிலும் ஆபத்தைக் கண்டுபிடித்தான். நாள்காட்டி ஆணி, பூனை, ஊறுகாய் ஜாடி. "பூனை காலுக்குள்ள வந்தா என்ன செய்வீங்க ஆச்சி?" "பூனையே இல்லையேடா." "பக்கத்து வீட்டுல இருக்குல்லா?"

முப்பிடாதி குளியலறையில் மட்டும் நின்றாள். உள்தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தாள். நகரவில்லை.

"இதப் போடுறதே இல்லையா டீச்சர்?"

"துரு ஏறிப்போச்சும்மா. இல்லைன்னா போட மாட்டேனா?"

மசூது ஓடிப்போய் அடுக்களையிலிருந்து தேங்காயெண்ணெய் எடுத்துவந்து ஊற்றினான். நாலு தரம் ஆட்டினான். தாழ்ப்பாள் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. "இனி ஜம்முனு போடலாம் டீச்சர்!"

நன்றி சொன்னேன். சில பிள்ளைகளுக்கு உதவும் ஆர்வம் அதிகம்.

ஜனவரி 3, வெள்ளி

நாதன் பேசினான். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் குடும்பத்தோடு இங்கே மாற்றலாகி வருகிறாராம். வீடு தேடுகிறாராம். "சும்மா சொல்லி வச்சேம்மா. விழலையே?"

"இல்லை."

"நிஜமா?"

"நான் என்ன மாங்காயா?" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

மாலையில் அமலி ரகசியமாக வந்தாள். வரும் செவ்வாய் பிள்ளைகளுக்கு ஒரு திடீர்ச் சோதனை. அவர்கள் வாசலில் நுழையும்போது நான் கூடத்தில் நாற்காலி பக்கத்தில் விழுந்து கிடக்க வேண்டும். நடிப்பு என்று அவர்களுக்குத் தெரியாது. பதறாமல் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். பாய் விரித்து மெதுவாகப் படுத்துக்கொள்ளச் சொன்னாள்.

ஒப்புக்கொண்டேன். விழுவதைப் பற்றி நான் எதற்கு அஞ்ச வேண்டும்?

ஜனவரி 7, செவ்வாய்

கொஞ்சம் முன்கூட்டியே விழுந்துவிட்டேன்.

நாலரை மணிக்குக் கூடத்தில் விழுவதாக ஏற்பாடு. முகம் கழுவிக்கொண்டு வரலாம் என்று போனேன். குளியலறை வாசலில், நாலு மணி போல இருக்கும், அங்கேயே நடந்துவிட்டது. நல்ல நடிகர்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது உண்டு. கூடத்துக்குப் போய்ப் படுத்துக்கொள்ள இரண்டு மூன்று முறை முயற்சி செய்தேன். பிறகு, இங்கேயே இருப்பது இயல்பாக இருக்கும் என்று தீர்மானித்தேன்.

பிள்ளைகள் வந்தார்கள். மசூதை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். கத்தவில்லை. என்னைத் தூக்கவும் முயலவில்லை. பக்கத்தில் மண்டியிட்டு, "டீச்சர், எங்க வலிக்கி? தல அடிபட்டுச்சா? கால் விரல ஆட்டுங்க பாப்போம்" என்றான். முப்பிடாதி ஒரு தலையணையும் போர்வையும் கொண்டுவந்தாள். எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி. புத்தகத்தில் அடுத்த வரி, குடும்பத்தாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது. சுவரில் நாதனின் எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

நான் "வேண்டாம்டா" என்று சொல்வதற்குள் மசூது பேசி முடித்துவிட்டான். "சார், ஒங்க அம்மா விழுந்துட்டாங்க. பேச்சு நல்லா இருக்கு, நீங்க பயப்படாம வாங்க."

அமலி வந்து சேர்ந்ததும், "நடிப்புடா, நடிப்பு!" என்று கைதட்டினாள். நானும் கைதட்டினேன். மசூதுக்கு முகம் வெளுத்துவிட்டது. முப்பிடாதி மட்டும் கூடத்தில் விரித்திருந்த பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை எழுப்ப முழங்கையை நீட்டினாள். அவசரத்தில் பிடித்துக்கொண்டேன்.

ஜனவரி 8, புதன்

நாதன் இரவு ரயில் பிடித்து வந்துவிட்டான். தாடி மழிக்கவில்லை. அமலி வந்து, எல்லாம் தன் ஏற்பாடு, மன்னிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். அவன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். பிறகு சிரித்தான். சிரித்த விதம் அவ்வளவு நன்றாக இல்லை.

"ராத்திரி முழுக்கத் தூங்கலைம்மா. நடிப்புக்கே எனக்கு இப்படி இருக்கு."

இட்லி வைத்தேன். மசூது பள்ளிக்குப் போகும் வழியில் மன்னிப்புக் கேட்க வந்தான். நாதன் அவன் தோளைத் தட்டி, "நீ செஞ்சதுதான் சரி. இனிமேயும் போன் பண்ணு" என்று தன் இன்னொரு எண்ணையும் கொடுத்தான். இது எனக்கு அவசியமாகப் படவில்லை.

பிப்ரவரியில் ஒரு வாரம் வந்து இங்கிருந்தே வேலை பார்க்கப்போகிறானாம். அப்போது வீட்டு விஷயத்தை முடிவு செய்வோம் என்றான்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் பொங்கியது. முழங்கால் காரணமாக வாசலில் சின்னக் கோலம்தான். சின்னக் கோலத்திலும் ஓர் அழகு இருக்கிறது.

ஜனவரி 17, வெள்ளி

மசூது போன பிறகும் முப்பிடாதி நின்றாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"பாக்கியத்தாச்சிக்கு வலது காலுதான் முடியாது. செவ்வாயும் வெள்ளியும் வலது காலத்தான் நொண்டுதிய. அன்னைக்கு நாங்க எழுப்பும்போது எடது கால ஊனவே இல்லையே?"

"நடிக்கும்போது கவனம் தப்பிடுச்சு."

"நீங்க கவனம் தப்புற ஆளா?"

ஆமாம் என்றாலும் எனக்குக் குறை, இல்லை என்றாலும் எனக்குக் குறை.

"தாழ்ப்பாள்ல மசூது எண்ணெ போட்டு ஒரு மாசம் ஆச்சு. போட்ட எண்ணெ போட்ட இடத்துல அப்படியே தூசி படிஞ்சு கெடக்கு. நீங்க கதவப் பூட்டாமத்தான் குளிக்கிய. விழுந்தா யாராவது உள்ள வரணும்லா, அதுக்கு. சரிதானே டீச்சர்?"

"நாதன்கிட்ட சொல்லப் போறியா?"

"நான் எதுக்குச் சொல்லுதேன்? ஒங்க விசயம், நீங்கதான் சொல்லணும். ஆனா அவுங்க என்கிட்ட நேராக் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். அது எங்க தொழிலுக்கு ஆகாது."

இன்னும் பன்னிரண்டாம் வகுப்பே முடிக்கவில்லை, அதற்குள் எங்கள் தொழிலாம்.

நான் கோபப்பட்டேன் என்று சொல்ல முடியாது. "போய்ப் படிக்கிற வேலையைப் பாரு" என்றேன். கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பூனை சுவரிலிருந்து குதித்தது.

ஜனவரி 21, செவ்வாய்

மசூது மட்டும் வந்தான். முப்பிடாதிக்குக் காய்ச்சலாம். சொல்லும்போது உத்தரத்தைப் பார்த்தான். பாவம், அவனுக்குப் பொய் வராது.

கஞ்சி குடித்தேன். அவன் ஊட்டிய முதல் கரண்டியிலேயே. "என்ன ஆச்சி, இன்னைக்கு சண்டையே போடல?" என்று ஏமாந்துபோனான்.

ஜனவரி 24, வெள்ளி

முப்பிடாதி வந்தாள். படுக்கை விரித்தாள், நாடி பார்த்தாள், மருந்து நேரத்தைச் சொன்னாள். எல்லாம் பிழையில்லாமல் செய்தாள். வந்தது முதல் போகும்வரை 'ஆச்சி' என்றே அழைத்தாள். ஒருமுறைகூட 'டீச்சர்' வரவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

நாதன் வந்துவிட்டான். கடையிலிருந்து அட்டைப்பெட்டிகளும் ஒட்டும் நாடாவும் வாங்கி வந்திருக்கிறான். "சும்மா, வேணாத சாமானப் பிரிக்கத்தான்மா" என்கிறான். உள்ளறையில் மேசை போட்டு, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, நாள் முழுவதும் யாரிடமோ ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். வங்கிக்காரர் ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்க வருகிறார்.

வெள்ளிக்கிழமை செய்முறைத் தேர்வு. இங்கேதான் நடக்கப்போகிறது. வெளிப் பள்ளியிலிருந்து தேர்வாளர் வருகிறார்.

பிப்ரவரி 7, வெள்ளி

முழுவதையும் எழுதிவிட வேண்டும்.

தேர்வாளர் கண்டிப்பான பெண்மணி. வந்ததும் காபி வேண்டாம் என்றார். பிறகு, அமலி முகம் வாடியதைப் பார்த்துப் பாதி மட்டும் கேட்டார். கூடத்தில் நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், பாக்கியமாக. நாதன் உள்ளறையில் வேலையில் இருந்தான். தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மசூதுக்குக் கட்டுப்போடும் பயிற்சி வந்தது. நன்றாகப் போட்டான். என் கையோடு நாற்காலிக் கையையும் சேர்த்துக் கட்டிவிட்டான் என்பது எழுந்திருக்கும்போதுதான் தெரிந்தது. தேர்வாளர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

முப்பிடாதிக்கு வந்தது இது: பயனாளி குளிக்க உதவி வேண்டாம் என்கிறார், பேசி இசைய வைக்க வேண்டும். புத்தகத்தில் இதற்கு வரிசையாக வாசகங்கள் உண்டு. 'உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறோம்' என்று தொடங்கும். நான் மறுப்புகளைத் தயாராக வைத்திருந்தேன்.

"எனக்கு யார் உதவியும் வேண்டாம்" என்று தொடங்கினேன்.

"சரி ஆச்சி. வேண்டாம்னா வேண்டாம்" என்றாள்.

தேர்வாளர் நிமிர்ந்தார். அமலி நகத்தைக் கடித்தாள். முப்பிடாதி ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு என் எதிரே உட்கார்ந்தாள். "குளிக்கப் போவும்போது மனசுல மொதல்ல என்ன வரும் ஆச்சி?"

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள்.

கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். நாங்கள் மூச்சுவிடக்கூட இடம் கொடுக்காமல் பதிலையும் நாங்களே சொல்லிவிடுவோம். அவள் சும்மா இருந்தாள். தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அப்போதும் சும்மா இருந்தாள். மதிப்பெண் போய்விடுமே என்று எனக்குத்தான் பதறியது.

'சோப்பு எங்கே இருக்கிறது என்று நினைப்பேன்' என்று ஒரு நல்ல பதில் வைத்திருந்தேன். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"யாரு வந்து கதவைத் திறப்பாங்கன்னு நினைப்பேன்" என்றேன்.

உள்ளறையில் தட்டச்சு செய்யும் சத்தம் நின்றது.

நிறுத்தியிருக்கலாம். நிற்கவில்லை. "காலையில பால்காரர் வந்துட்டுப் போனா, சாயங்காலம் வரைக்கும் வாசலுக்கு யாரும் வர மாட்டாங்க. அதனால அவர் வர்றதுக்கு முன்னாடி குளிப்பேன். கதவைத் தாழ்ப்பாள் போடுறதில்ல. கூப்பிட்டா கேக்கும்ல? மழைக்காலத்துல குளிக்கவே இல்லை. இதுவரைக்கும் மூணு தடவை…"

இந்த இடத்தில் 'உட்கார்ந்தேன்' என்று சொல்லத்தான் நினைத்தேன்.

"மூணு தடவை விழுந்துட்டேன்."

பாத்திரத்துக்கு அந்தச் சொல்தான் பொருத்தம்.

முப்பிடாதி தலையாட்டினாள். ஐயோ பாவம் என்ற முகம் இல்லை. கடைக்காரர், எத்தனை கிலோ என்று கேட்டுக்கொள்வது போன்ற முகம். "கதவுக்கு வெளிய ஒருத்தர் நின்னா போதுமா, உள்ள வரணுமா?"

"வெளியே நின்னா போதும். இப்போதைக்கு."

"சரி. ஒங்களுக்கு எப்போ வேணுமோ அப்போ சொல்லுங்க" என்று எழுந்தாள்.

தேர்வாளர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணு தடவைங்கிறது இதுல இல்லையே?"

"டீச்சர் எப்பவும் கொஞ்சம் கூடச் சேத்துத்தான் நடிப்பாங்க மேடம்" என்றாள் அமலி.

"ரொம்ப இயல்பா இருந்துச்சும்மா" என்று தேர்வாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணுல தண்ணியே வரவச்சிட்டீங்க."

காலையில் கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டிருந்தேன். அதைச் சொல்லி அவருடைய ரசனையைக் கெடுப்பானேன்.

தேர்வாளரும் அமலியும் போன பிறகும் முப்பிடாதியும் மசூதும், தேர்வுக்குக் கொண்டுவந்த மடக்குக் கட்டிலை மடித்துக்கொண்டிருந்தார்கள். நாதன் வெளியே வந்தான். கருவி கழுத்தில் தொங்கியது. அதிலிருந்து யாரோ 'ஹலோ, ஹலோ' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பாக்கியத்தம்மா எத்தன தடவ விழுந்தாங்கன்னு சொன்னாங்க?"

"மூணு."

"பையனுக்கு எத்தன தெரியும்?"

"ஒண்ணு."

அவன் முக்காலியில் உட்கார்ந்தான். வெகுநேரம் ஒட்டும் நாடாவை உருட்டிக்கொண்டிருந்தான். நானே சொல்லிவிட்டேன்: "ஒப்பந்தம்னா ஒப்பந்தம்தான் நாதா. பெட்டியைக் கட்டு."

"ஒப்பந்தம் உன்னோட போட்டதும்மா. விழுந்தது பாக்கியத்தம்மா. ஊர்ல உள்ள ஆச்சிகளை எல்லாம் சென்னைக்கு இழுத்துட்டுப் போக எனக்கு என்ன உரிமை?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். இந்தமுறை நன்றாக இருந்தது. பிறகு திரும்பி முப்பிடாதியைக் கேட்டான், நேராக: "நீ சொல்லும்மா. இவங்க இங்க தனியா இருக்கலாமா?"

அவள் மடித்த போர்வையை வைத்துவிட்டு நிதானமாக என்னைப் பார்த்தாள், பிறகு அவனை.

"தனியா இருக்க வேண்டாம் சார்" என்றாள். "இங்க இருக்கலாம்."

மசூது உடனே குளியலறைக்குள் ஓடி, எங்கெங்கே கைப்பிடி வைக்கலாம் என்று கத்த ஆரம்பித்தான். அவன் கணக்குப்படி கூரையிலும் ஒன்று தேவை.

பிப்ரவரி 9, ஞாயிறு

கொத்தனார் வந்து குளியலறைச் சுவரில் இரண்டு கைப்பிடிகள் பதித்தார். தரையில் சொரசொரப்பான ஓடு. வங்கிக்காரரிடம் வீடு காலி இல்லை என்று நாதன் சொல்லிவிட்டான். அட்டைப்பெட்டிகளில் எதையாவது போட்டு வைக்க வேண்டுமே என்று தன் பழைய பாடப்புத்தகங்களைப் போட்டான். எடைக்குப் போடலாம் என்றேன். என்னைப் பார்த்த பார்வையிலிருந்து, போடப்போவதில்லை என்று தெரிந்தது.

மார்ச் 6, வியாழன்

காலையில் வேலம்மாள் வந்துவிடுகிறாள். இரண்டு தெரு தள்ளி இருப்பவள், காலை வேலைக்கு வைத்திருக்கிறோம். நான் குளிக்கும்போது கதவுக்கு வெளியே முறத்தோடு உட்கார்ந்து அரிசி பொறுக்குவாள். நடுநடுவே குரல் கொடுப்பாள்.

"டீச்சர், இருக்கியளா?"

"இருக்கேன்."

பணியில் இருந்த காலமெல்லாம் வருகைப் பதிவு எடுத்தவள் நான். பதில் சொல்லும் பக்கமும் மோசமில்லை.

ஆனால் அவள் கேட்கும் நேரம்தான் சரியில்லை. முகத்தில் சோப்பு போட்டிருக்கும்போதுதான் கேட்பாள். பதில் சொல்லாவிட்டால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவாள் என்பதால், சோப்பு நுரையோடு 'இருக்கேன்' என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

பொதுத்தேர்வு முடிந்துவிட்டது. மசூது வீட்டில் அவன் பாட்டியைப் புரட்டிப் படுக்க வைக்கும் முறையை அவன் வாப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கிறானாம். வாப்பாவுக்கு இன்னும் முழங்கை மடக்கத் தெரியவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டான்.

முப்பிடாதி தென்காசியில் முதியோர்களுக்கு வீடு தேடிப் போய் உதவும் ஒரு மையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறாள். வெளிர்நீலத்தில் சீருடைச் சட்டை. பை நிறையக் கையுறை. நேற்று வந்து வாசலில் நின்றாள்.

"டீச்சர், மையத்துல மொத பயனாளிய நாங்களே பிடிச்சுட்டு வரணுமாம். ஒங்களக் கேக்கலாமான்னு…"

"எதுக்கு?"

"எண்ணெ தேச்சுக் குளிக்க. எத்தன நாள் ஆச்சு டீச்சர்?"

புரட்டாசிக்கு முன்பு தேய்த்தது. எண்ணெயும் வழவழப்பான தரையும் ஒன்றாக இருந்தால் என்ன ஆகும் என்பது அறிவியல் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "ரொம்ப நாள் ஆச்சு" என்றேன். இதுவரை யாரிடமும் சொல்லாதது.

"உள்ள வரலாமா?" என்று கேட்டாள். வீட்டுக்குள் வரலாமா என்று கேட்கவில்லை, அது எனக்குத் தெரியும்.

"வா" என்றேன்.

இன்று காலை வந்தாள். குளியலறையில் முக்காலி போட்டு என்னை உட்கார வைத்தாள். முதல் பத்து நிமிடம் நான் உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், மசூதைப் போல. அவளும் என்னைப் பார்க்காமல் எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் அம்மா பீடி சுற்றும்போது சொல்லும் ஊர்க்கதைகளை எல்லாம் சொன்னாள். எந்த வீட்டில் யாருக்குக் கல்யாணம், யார் வீட்டு மாடு யார் தோட்டத்தில் மேய்ந்தது என்று. மாடு விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இருந்ததால் பேச ஆரம்பித்தேன். வாதத்தின் நடுவில் எப்போது உத்தரத்திலிருந்து கண்ணை எடுத்தேன் என்று தெரியவில்லை.

முதுகில் சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். என் கணவர் காலமானதிலிருந்து என் முதுகின் நடுப்பகுதியை எந்தக் கையும் தொட்டதில்லை, என் கை உட்பட. அங்கே எட்டாது. அப்படி ஓர் இடம் இருப்பதே மறந்துபோயிருந்தது.

"போதுமா டீச்சர்?" என்றாள்.

"இன்னும் கொஞ்சம் தேயி" என்றேன்.